சிறுத்தை நோக்கும் பக்கம்

எசுவாம்,
2 டிசம்பர் 1956, ஞாயிறு

என் கண்ணே அராபா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நீ நலம் என்று படித்ததும் நானும் நலமாகிவிட்டேன். இடுப்பு மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் காகிதம் போதாது. உன் அம்மா போனபின் சமையல் என் கையில் விழுந்தது. போன வாரம் நான் வைத்த பனம்பழக் குழம்பை நாய்க்கு ஊற்றினேன். அது குழம்பைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. இப்போது சோளமாவுக் கென்கேயும் பொரித்த மீனும் வாங்கித் தின்று காலத்தை ஓட்டுகிறேன்.

செவ்வாய் கடலுக்குப் போகாத நாள் அல்லவா, எக்கோ அன்றே வந்துவிட்டான். "மாமா, மெதுவா வாசிங்க, அவசரமே இல்ல" என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். உன் புருஷனுக்கு எழுத்துத் தெரியாதது எனக்கு வந்த சோதனை. பெற்ற மகள் எழுதும் முத்தங்களை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் அப்பன் இந்தக் கடற்கரை முழுவதிலும் நான் ஒருவன்தான் இருப்பேன். அந்த வரி வந்ததும் இருமினேன்.

"என்ன மாமா, சளியா?"

"ஆமாப்பா, லண்டன் சளி. காகிதத்தோட வந்துருக்கு."

இரண்டாவது முறை இருமியபோது அவனுக்கே புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான், ஆறடி ஆள், புதுப்பெண் மாதிரி. இனி அந்த மாதிரி வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து எழுது. நான் முன்கூட்டியே தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. மார்ச் ஆறாம் தேதி நாடு நம் கைக்கு வருகிறதே, அதற்குள் ஊர்ப் படைகளின் கொடிகள் எல்லாவற்றின் மூலையிலும் இருக்கும் இங்கிலீஷ்காரன் கொடியை வெட்டி எடுத்துவிட்டு, கறுப்பு நட்சத்திரம் வைத்த புதுசைத் தைக்க வேண்டும். ஊரில் படை மூன்று, கொடி நாற்பது, கத்தரிக்கோல் ஒன்று. உண்மையான போருக்குப் போய் அறுபது வருஷமாகிறது, ஆனாலும் கொடிக்கும் மேளத்துக்கும் அடித்துக்கொள்ள நம் படைகளுக்கு அலுக்கவே இல்லை. நான் பிறப்பால் முதல் படைக்காரன். உன் புருஷனுடைய இரண்டாம் படைக்காரர்களும் என்னிடம்தான் வரவேண்டியிருக்கிறது. "எதிரி கையில துணியக் குடுக்குறோமே" என்று முனகிக்கொண்டே கொடுக்கிறார்கள்.

அவர்களுடைய சிறுத்தைக் கொடியை நேற்று முடித்தேன். கம்பு நுழையும் ஓரம் முழுவதும் உப்பும் எலியும் தின்றுவிட்டிருந்தன, இங்கிலீஷ்காரன் மூலையோடு சேர்த்து. இரண்டு சாண் வெட்டி எறிந்தேன். அப்புறம் பார்த்தால் சிறுத்தையின் மூக்கு ஓரத்தில் இடிக்கிறது, புது மூலை வைக்க இடமில்லை. வாலுக்குப் பின்னால் தாராளமாக இடம் இருந்தது. அந்தப் பக்கமே மூலையை வைத்து, கம்பையும் அந்தப் பக்கமே மாற்றிவிட்டேன். குஞ்சத்தை மூக்குப் பக்கம் கொண்டுபோனேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் மூளை எப்படி ஓடுகிறது பார்!

கிறிஸ்துமஸுக்கு முன்னால் மூன்று படையும் கூடி அதை விரித்துப் பார்த்து, தரையில் மது ஊற்றி ஏற்றுக்கொள்வார்கள். அதன்பின் அதில் ஊசி படக்கூடாது. பட்டே ஆகவேண்டுமென்றால் மூன்று படையையும் மறுபடி கூட்டவேண்டும். மார்ச் ஆறு அன்று அதை வைத்து ஆடப்போவது யார்? உன் எக்கோ.

நீ மாலையில் வேலை செய்யும் கொடிப் பட்டறையில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டாமே. எழுது. நமக்குக் கம்பு, துணி, குஞ்சம் எல்லாம் சேர்ந்து ஃபிராங்கா, ஒரே சொல்லில் முடிந்தது. நானும் நாலு பெயர் சொல்லி நாலு பேரை அசத்துகிறேன்.

உன் அப்பன்,
குவாமினா எஜிர்


லண்டன்,
16 டிசம்பர் 1956

அன்புள்ள அப்பாவுக்கு,

புள்ளியெல்லாம் வைக்கமாட்டேன். நன்றாக இருமுங்கள்.

இங்கே மூன்று நாளாகப் பகல் வரவில்லை. மூச்சு விட்டால் புகை வருகிறது, கெட்டில் மாதிரி. காலையில் தையல் வகுப்பு, மதியத்துக்கு மேல் பட்டறை. இந்த வாரம் முழுவதும் நம் கொடியைத்தான் தைக்கிறோம். பக்கத்து மேஜைப் பெண் நட்சத்திரத்தைத் தூக்கிப் பார்த்து, "இது எந்த நாடு?" என்று கேட்டாள். "இன்னும் பிறக்கல. தொட்டில்தான் தைக்கிறேன்" என்றேன்.

எங்கள் மேற்பார்வைக்காரி மிசஸ் ஹார்ட்லி. முப்பது வருஷமாகக் கொடி தைப்பவள். ஒன்றின் பெயரைத் தப்பாகச் சொன்னால் அளவுகோலால் மேஜையைத் தட்டுவாள். நீங்கள் கேட்ட பெயர்கள் இவை. கம்பை ஒட்டிய ஓரம் ஹாய்ஸ்ட். காற்றில் அடித்துக்கொள்ளும் எதிர் ஓரம் ஃப்ளை. கம்போரத்து மேல்மூலை கேன்டன். படத்துக்குப் பின்னால் இருக்கும் வெறும் துணிக்கு ஃபீல்ட் என்று பெயர், அப்படியென்றால் என்ன தெரியுமா? வயல்! அந்த வயலில் நிற்கும் மிருகம் என்ன செய்தாலும் அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. நடப்பதற்கு ஒன்று, பின்னங்காலில் எழுந்து நிற்பதற்கு ஒன்று, படுப்பதற்கு, தூங்குவதற்கு, தலையை மட்டும் பின்னால் திருப்பிப் பார்ப்பதற்கு. நம் ஊரில் மனிதர்களுக்குக்கூட இத்தனை பெயர் இல்லை.

ஒரு விதியும் சொன்னாள். மிருகத்தின் முகம் எப்போதும் கம்பைப் பார்த்து இருக்கவேண்டுமாம். கொடிக்காரன் எதிரியைப் பார்த்து நடக்கிறான், மிருகமும் அவனோடு சேர்ந்து எதிரியைப் பார்க்கிறது. முகம் மறுபக்கம் இருந்தால் அது ஓடுகிற மிருகம். "அப்படித் தைத்துக் கொடுப்பதும், ஒரு படையையே கோழை என்று எழுதிக் கொடுப்பதும் ஒன்று" என்கிறாள்.

எக்கோவுக்குத் தனிப் பக்கம் வைத்திருக்கிறேன். ஏப்ரலில் என் கப்பல் வரும்வரை அவரை வாரத்தில் ஒரு நாளாவது சாப்பிடக் கூப்பிடுங்கள். சமைக்க வேண்டாம், கூப்பிட்டால் போதும்.

உங்கள் மகள்,
அராபா


எசுவாம்,
6 ஜனவரி 1957

என் கண்ணே,

புது வருஷ வாழ்த்து. வறண்ட காற்று வந்துவிட்டது. உதடு வெடித்து, பல் எல்லாம் புழுதி. இருந்தாலும் உன் சொற்களை இந்தப் பல்லால்தான் நான்கு நாள் மென்று மனப்பாடம் செய்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கள்ளுக்கடையில் உன் அப்பன் பேராசிரியர் ஆனான். மேஜைமேல் கள்ளைத் தொட்டு ஒரு கொடி வரைந்தேன். "இது ஹாய்ஸ்ட், இது ஃப்ளை, இது கேன்டன். இதெல்லாம் வயல்!" என்றேன். "வயல்ல என்னய்யா போட்டிருக்கு, மரவள்ளியா?" என்றான் ஒருவன். சிறுத்தை போட்டேன். வாயைத் திறந்தால் மூட எனக்குத் தெரியாதே, அந்த விதியையும் சொன்னேன்.

நம் படை மேளக்காரன் அக்வா கேட்டான்: "அப்போ வால் கம்புப் பக்கம் இருந்தா?"

"அப்போ அது ஓடுது, தம்பி! வீட்டுக்கு ஓடுது! அடுப்புல சோறு கருகுதுன்னு ஓடுது!"

கடையே அதிர்ந்தது. ஒருவனுக்குக் கள் மூக்கில் ஏறிவிட்டது. நானும் என் பகடிக்கு நானே சிரித்து, முதுகில் நாலு பேரிடம் தட்டு வாங்கினேன். அக்வா மட்டும் சிரிக்கவில்லை. நான் வரைந்த சிறுத்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளங்கையால் அதை மெதுவாகத் துடைத்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, மீன் காயப்போடும் பரணுக்குப் பக்கத்தில், என் கால் நின்றுவிட்டது. வாலுக்குப் பின்னால் இடம் இருக்கிறதென்று கம்பை மாற்றியது எந்தக் கை அராபா? கொடியை விரித்து, மது ஊற்றி, மூன்று படையும் ஏற்று எட்டு நாள் ஆகியிருந்தது. என்ன அழகாத் தைச்சிருக்கான் கிழவன் என்று இரண்டாம் படைத் தலைவர் எசில்ஃபி என்னைக் கட்டிப்பிடித்தார். அப்போது அந்த விதி யாருக்கும் தெரியாது. இப்போது ஒரு கள்ளுக்கடைக்குத் தெரியும்.

பெரிதாக ஒன்றும் இல்லை. நீ பயப்படாதே. ஆனால் புதன்கிழமை நம் படை மண்டபத்தைத் தாண்டிப் போனேன். அக்வா உட்கார்ந்து மேளத்துக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு வரி வாசித்தான். நம் மேளம் பேசுவது உனக்குத் தெரியும்தானே. "வீட்டுக்கு ஓடு. சோறு கருகுது. வீட்டுக்கு ஓடு."

"என்னடா இது?" என்றேன்.

"புதுப் பாட்டு, அண்ணே. ஆறாந்தேதிக்கு. வார்த்த உங்களோடதுதான்" என்றான்.

நான் கையை ஆட்டிச் சிரித்துவிட்டு வந்தேன். சிரிப்பு வீடுவரை தாங்கவில்லை.

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அப்பன்,
குவாமினா


லண்டன்,
17 ஜனவரி 1957

அப்பா,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்தேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பாவின் கண் எதற்குப் போனது? மூன்றாம் படைக்காரன் ஒருவன் தங்கள் கொடியில் இருந்த சேவலின் கொண்டையை நம் படை நிறத்தில் தைத்தான், அதற்கு. ஒரு கொண்டைக்கு ஒரு கண். எனக்கு அப்போது ஏழு வயது. சித்தப்பாவைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிவந்ததை நான் பார்த்தேன். நீங்களும்தான் பார்த்தீர்கள்.

இது ஒரு படை முழுவதும். அதைக் கையில் ஏந்தி முன்னால் ஆடுவது என் புருஷன்.

மிசஸ் ஹார்ட்லியிடம் ஊர்ப் பெயர் சொல்லாமல் கேட்டேன். வழி இருக்கிறது. சிறுத்தையின் தலையை மட்டும் பிரியுங்கள். கழுத்திலிருந்து காதுவரை, ஒரு மணி நேர வேலை. கம்பைப் பார்க்கும்படி திருப்பித் தைத்துவிடுங்கள். உடம்பு எந்தப் பக்கம் போனாலும், எதிரியைத் திரும்பிப் பார்க்கும் மிருகத்துக்கு இவர்கள் கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள். அது ஓடுகிற மிருகம் இல்லையாம்.

ஊசி படவேண்டுமென்றால் மூன்று படையையும் கூட்டவேண்டும், தெரியும். அதற்கு நீங்கள் தலைவர் எசில்ஃபியிடம் போய், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவேண்டும். ஒரு ஆடு, இரண்டு பாட்டில் ஜின், கொஞ்சம் தலைகுனிவு. ஆறாம் தேதிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

போவேன் என்று எனக்கு எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம். இடுப்பைப் பற்றிக்கூட.

அராபா


எசுவாம்,
10 பிப்ரவரி 1957

என் கண்ணே அராபா,

போனேன். இரண்டு தடவை போனேன்.

முதல் தடவை தலைவர் எசில்ஃபி வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். "என்ன சேதி எஜிர்?" என்றார். "நல்ல சேதிதான்" என்றேன். "கடல்ல மீன் எப்படி?" என்றேன். "நீ தையக்காரன், உனக்கெதுக்கு மீன் கணக்கு?" என்றார். சரிதானே. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாம் தடவை வாயைத் திறந்துவிட்டேன். "தலைவரே, அந்தச் சிறுத்தை..." என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அதப் பத்திப் பேசாத எஜிர், எனக்குக் கண்ணு கலங்குது. முதல் படையில பொறந்துட்டு எங்க சிறுத்தைக்கு இப்படி உயிர் குடுத்திருக்கியே. நீ நம்ம ஆளுய்யா!" அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வேன்? ஆட்டுக்கோ ஜின்னுக்கோ நான் பயப்படவில்லை. முதல் படைக்காரன் வேண்டுமென்றே செய்தான் என்பார்கள். என் படைக்காரர்களோ, சபாஷ் குவாமினா, சரியாச் செஞ்சே என்று என்னைத் தோளில் தூக்குவார்கள். அந்தத் தோளுக்குத்தான் பயப்படுகிறேன்.

அதனால் உன் அப்பன் மூளையைக் கசக்கி வேறு வழி கண்டுபிடித்துவிட்டான்! கேள். வழக்கமாகக் கம்பை உயர்த்தி ஆடினால் துணி பின்னால் பறக்கும், சிறுத்தையும் பின்னால் பார்க்கும். எக்கோ என்ன செய்யப்போகிறான் என்றால், வலது கையில் கம்பைத் தோளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, குஞ்சம் வைத்த ஓரத்தை இடது கையால் முன்னே நீட்டிப் பிடிப்பான். துணி அவனுக்கு இடப்பக்கம் விறைப்பாக நிற்கும். அப்போது சிறுத்தை மூக்கை முன்னே நீட்டிப் பாய்கிறது! தலைவருக்கும் சொல்ல வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

நான்கு நாளாக என் வீட்டுக் கொல்லையில் பழகுகிறோம், யாரும் பார்க்காதபடி மதிலுக்குள். துணி அவன் முகம்வரை மறைக்கிறது. "இடது கண்ணு குருடு மாதிரி இருக்கு மாமா. பாய்மரம் பிடிக்கிற மாதிரியும் இருக்கு" என்று சிரிக்கிறான். ஆனால் என்ன ஆட்டம்! ஒரு துளி நடுக்கம் இல்லை, சுவரில் ஒட்டிய படம் மாதிரி நிற்கிறது துணி.

எதற்கு இப்படி என்று கேட்டான். லண்டன் பழக்கம், உன் பெண்டாட்டி எழுதியிருக்கிறாள் என்று சொன்னேன். "அராபா எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றான், உடனே. கோபித்துக்கொள்ளாதே. என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே.

அன்று சண்டை வரக்கூடாதென்று சாலை நடுவே சுண்ணாம்புக் கோடு போடப்போகிறார்களாம். வலப்பக்கம் அவர்கள், இடப்பக்கம் நாங்கள். கொடி விரித்தபடி எவனும் தாண்டக்கூடாது. ஆக எல்லாம் பத்திரம்.

அப்பன்,
குவாமினா


லண்டன்,
22 பிப்ரவரி 1957

அப்பா,

என் பெயரைச் சொல்லி அவரை ஆடச் சொல்லியிருக்கிறீர்கள்.

இரண்டு நாள் யோசித்தேன். அவருக்கு நேராக எழுதலாம் என்றால் அதை வாசிக்கப்போவது நீங்கள். வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லலாம் என்றால் அவர் கேட்கமாட்டார், "மாமா இருக்கும்போது எதுக்கு?" என்பார். அதனால் உங்களிடமே கொடுக்கிறேன். கீழே இருக்கும் பக்கம் அவருக்கு. இந்தத் தடவை மூன்று வரிகளுக்குப் புள்ளி வைத்திருக்கிறேன். புள்ளி வைத்த வரிகளைச் சத்தமாக, அவர் முகத்தைப் பார்த்து வாசியுங்கள். மற்ற இடங்களில் வேண்டுமானால் இருமிக்கொள்ளுங்கள்.

எனக்காகச் செய்யுங்கள் அப்பா.

அராபா

என் எக்கோவுக்கு,
கப்பல் ஏப்ரல் இருபதாம் தேதி டக்கோராடிக்கு வருகிறது. நீ அந்தக் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வா, கூட்டத்தில் உன்னை முதலில் நான்தான் பார்க்கவேண்டும்.
• கொடியை முன்னால் நீட்டிப் பிடித்து ஆடச் சொல்லி நான் எழுதவே இல்லை, அப்படி ஒரு பழக்கம் இங்கே கிடையாது.
• அப்பா தெரியாமல் சிறுத்தையை ஓடும் பக்கமாகத் தைத்துவிட்டார், அது முதல் படைக்குத் தெரியும், அன்று அதை வைத்து உங்கள் படையைச் சீண்டுவார்கள்.
• இதை உடனே தலைவரிடம் போய்ச் சொல், அன்று அந்தக் கொடியை எடுக்காதே.
இங்கே ராத்திரியெல்லாம் காலை ஒடுக்கிக்கொண்டு படுக்கிறேன், உன் முதுகுச் சூடு இல்லாமல். வந்ததும் ஒரு வாரம் உன்னைக் கடலுக்கு அனுப்பமாட்டேன், சொல்லிவிட்டேன்.
உன் அராபா


எசுவாம்,
17 மார்ச் 1957

அராபா,

தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். தந்தியில் எல்லாம் சொல்ல முடியாது. இதில் சொல்கிறேன். எனக்கு வேடிக்கையாகத்தான் எழுத வரும். அது எங்காவது எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் நான்காம் தேதி திங்கட்கிழமை வந்தது. வாசிக்காமல் இரண்டு மணி நேரம் தையல் மிஷின்மேல் வைத்திருந்தேன். சாயங்காலம் எக்கோ வந்தான். கால் கழுவிவிட்டு உட்கார்ந்தான். சட்டையைப் பற்றிய வரியை வாசித்தேன். "அது கிழிஞ்சு போச்சே! நீங்கதான் ஒட்டுப் போடணும் மாமா" என்றான்.

புள்ளி வைத்த முதல் வரி வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன், நீ சொன்னபடி. வாயைத் திறந்தேன். இவன் தெரிந்துகொண்டால் இந்த நிமிஷமே எழுந்து தலைவரிடம் ஓடுவான், நாளன்றைக்கு விழா, நான் எந்தத் தெருவில் முகம் காட்டுவேன் என்று நினைத்தேன். ஒத்திகை நன்றாகத்தானே இருந்தது, ஒன்றும் ஆகாது என்றும் நினைத்தேன்.

இருமினேன் அராபா. மூன்று வரிக்கும் இருமினேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். முத்தம் என்று நினைத்துக்கொண்டான். "இந்தத் தடவ நெறைய எழுதியிருக்கா போல" என்றான்.

புதன்கிழமை காற்று இருந்தது. என் கொல்லையில் காற்று இல்லை என்பதை அதுவரை நான் யோசிக்கவே இல்லை. மதிலுக்குள் பழகியவனை, கடலைப் பார்த்த திறந்த சாலையில் விட்டேன். காற்று அவனுக்கு வலப்பக்கத்திலிருந்து அடித்தது, துணி இடப்பக்கம். பாய்மரம் மாதிரி இருக்கிறது என்று அவன் சொன்னபோதே கடல் ஓரத்தில் பிறந்த எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

நான் இடப்பக்கம், நம் படையோடு, கோட்டுக்கு இரண்டடி தள்ளி நின்றேன். சிறுத்தை முன்னே பாய்ந்து வந்தது. எனக்கு அவன் முகம் தெரியவில்லை. துணிக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. என் பக்கத்தில் அக்வா மேளத்தைத் தொடங்கினான். வீட்டுக்கு ஓடு, சோறு கருகுது. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சிறுத்தை ஓடவில்லை, எங்களைப் பார்த்துத்தான் வந்தது, அது நம் படைக்காரர்களுக்கு இன்னும் பொறுக்கவில்லை. மேளம் இன்னும் உரக்க அடித்தது. துணி அவனை இழுத்தது. பாதங்கள் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தன, பிறகு ஒரு சாண்.

கத்தினேன். "வலப்பக்கம் போ! எக்கோ, வலப்பக்கம்!" என்று கத்தினேன். என் வார்த்தைகளை மேளம் அடித்துக்கொண்டிருந்தது, என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

இடது பாதம் சுண்ணாம்பில் பட்டு வெள்ளையானது. அடுத்து வலது பாதம். நான்கு அடி உள்ளே வந்துவிட்டான், கொடி விரித்தபடி, சிரித்துக்கொண்டே ஆடியிருப்பான். முதல் கல் யார் எறிந்தது என்று போலீஸ் கேட்டது, தெரியாது என்றேன். என்னைச் சுற்றியிருந்த கைகள் எல்லாம் எனக்குத் தெரிந்த கைகள். சிமெண்டு வாய்க்கால் ஓரத்தில் பின்னந்தலை பட விழுந்தான். துணி அவன்மேல் விழுந்து மூடியது. நான் போய் விலக்கும்போது கண் திறந்திருந்தது. "காத்து மாமா" என்றான். அவ்வளவுதான் பேசினான். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

தலைவர் எசில்ஃபியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏழு வார வேலை, ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அவர் என்னை அடிக்கவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை.

அவன் பக்கத்தை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். அது அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

குவாமினா எஜிர்


எசுவாம்,
8 செப்டம்பர் 1957, ஞாயிறு

அராபா,

உன் மாமியார் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே மூன்று தெரு. ஆனாலும் ஸ்டாம்ப் ஒட்டித்தான் அனுப்புகிறேன். தபால்கார அம்மாள் விலாசத்தைப் பார்த்து, "இந்தா இருக்கு, நடந்து போய்க் குடுத்துடலாமே பெரியவரே" என்றாள். இடுப்பு வலி என்று சொன்னேன். எந்தப் பொய்க்கும் இந்த இடுப்பு வந்து நிற்கிறது.

ஏப்ரலில் டக்கோராடிக்கு நானும் வந்திருந்தேன். கூட்டத்தின் கடைசியில் நின்றேன். நீ இறங்கி யாரையும் தேடாமல் நடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இது நான் எழுதும் ஆறாவது கடிதம். முந்தைய ஐந்தையும் நீ பிரித்தாயா என்று தெரியாது. பிரிக்காமல் வைத்திருந்தால் அவற்றை எறிந்துவிடு, வெறும் பிதற்றல்.

இரண்டாம் படைக்காரர்கள் தங்கள் கடிதங்களை எல்லாம் இப்போது உன்னிடம்தான் கொண்டுவருகிறார்களாம். நீ ஒரு சொல் விடாமல் வாசிக்கிறாயாம், திட்டு இருந்தால் திட்டையும். மீன்காரி சொன்னாள். கொடிகளும் உன்னிடம்தான் போகின்றன. என் கத்தரிக்கோல் துரு ஏறிவிட்டது. நல்லதுதான்.

நேற்றுத் திருவிழாவில் மூன்று படையையும் கூட்டி, அவர்கள் கண் முன்னாலேயே சிறுத்தையின் தலையைப் பிரித்துத் திருப்பித் தைத்தாய் என்று கேள்விப்பட்டேன். நான் அங்கே வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் வந்திருக்கமாட்டேன். ஜன்னலில் நின்றேன். ஊர்வலம் என் தெரு வழியாக வரும் என்று தெரியும்.

வந்தது. புது ஆட்டக்காரன் கம்பை உயர்த்திப் பிடித்து நேராக ஆடினான். அக்வாவின் மேளம் மூடிக் கிடந்தது. நீ கொடிக்குப் பக்கத்தில், கறுப்புத் துணி உடுத்தி நடந்து வந்தாய். இளைத்துவிட்டாய். கழுத்துத் தையல் மிக நேர்த்தி. எனக்கு அவ்வளவு நேர்த்தி வந்ததில்லை.

கொடி என் வீட்டைத் தாண்டியபோது சிறுத்தை திரும்பிப் பார்த்தது.

நீ பார்க்கவில்லை.

அப்பன்